சுத்தியலை முதலில் எடுக்காதே



இது நீளமான பதிவு. நேரமில்லாதவர்கள் லைக் மட்டும் போட்டுவிட்டு நகராதீர்கள், ஞாயிற்றுக்கிழமை வந்து படியுங்கள். வகுப்பிலேயே கடைசி பெஞ்சைக் கவனித்தவன் நான். யார் படிக்காமல் லைக் போடுகிறீர்கள் என்று தெரியும்.

போன மாதம் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் பழைய ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் முன்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு படம் போட்டேன். மறுநாள் காலைக்குள் முப்பத்தெட்டு அறிவுரைகள். அவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். "சார், சம்மட்டியால ரெண்டு போடு போட்டா வந்துரும் சார்" என்பது முதல் வகை. "கேஸ் வெல்டிங் வச்சு சூடு பண்ணுங்க மாமா" என்பது இரண்டாம் வகை. "இந்த வயசுல எதுக்கு சார் இது, எடைக்குப் போட்ருங்க" என்பது மூன்றாம் வகை. மூன்றாவதைச் சொன்னவன் துபாயில் இருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும்.

மூன்றும் தவறு. கழற்ற வராத எதையும் நம் ஊரில் இப்படித்தான் அணுகுகிறோம்: முதலில் அடி, வராவிட்டால் எரி, அதற்கும் வராவிட்டால் தூக்கிப் போடு. நட்டுக்கும் போல்ட்டுக்கும் மட்டும் இதைச் செய்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன்.

முதலில் காரைப் பற்றி. இளையவர்கள் பலருக்கு இந்தப் பெயரே தெரியாது. 1948-ல் சென்னையில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் டிரயம்ப் ஹெரால்டை 1961 முதல் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்ற பெயரில் இங்கே தயாரித்தது. வண்டலூர் பக்கம் போகும்போது பெரியவர்களைக் கேளுங்கள், தொழிற்சாலை இருந்த இடத்தைக் காட்டுவார்கள். உருவத்தை வரைந்தவர் மிக்கெலாட்டி என்ற இத்தாலியர். 948 சி.சி. என்ஜின். பானெட்டைத் தூக்கினால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் முழுவதும் கவிழ்ந்து திறக்கும். நான்கு கதவு வைத்த ஹெரால்டை இங்கிலாந்துக்காரனே செய்யவில்லை, சென்னையில்தான் செய்தார்கள். என் மாமனார் 1971-ல் வாங்கியது அந்த நாலு கதவு வண்டி.

அந்த வண்டி 1998-லிருந்து ஓடவில்லை. உறவுக்காரர்கள் எல்லோருக்கும் காரணம் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். பாலக்கரைப் பக்கம் திரும்பும்போது வலது முன்சக்கரம் மடங்கிப் படுத்துக்கொண்டது. ஓட்டியவர் என் மைத்துனர், அப்போது வயது இருபத்தாறு. "கண்மண் தெரியாம ஓட்டி வண்டிய ஒடச்சிட்டான்" என்று மாமனார் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் இந்தக் குடும்பத்தில் இருபத்தைந்து வருஷத்துக்கும் மேல் ஓடியது. கல்யாண வீட்டில், காதுகுத்தில், தீபாவளியில், யாராவது கார் பேச்சை எடுத்தால் உடனே அவர் தலையை உருட்டுவார்கள். "மெதுவாத்தான் திருப்பினேன்" என்று அவர் ஆரம்பத்தில் சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதையும் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு அவர் எந்தக் காரின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. இதையும் நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வண்டியை மறுபடி ஓட வைக்கலாம் என்று போன வருஷம் ஒரு பட்டறைக்காரரை அழைத்தேன். பெயரும் ஊரும் வேண்டாம். இரண்டு பையன்களோடு வந்தார். நான் காபி போட உள்ளே போய்த் திரும்புவதற்குள் இடது பக்கத்தில் வேலை முடிந்திருந்தது. அதாவது, உடைந்திருந்தது.

ஹெரால்டின் முன்சக்கரம் எதில் நிற்கிறது என்று சொல்கிறேன். சக்கரத்தைத் தாங்கும் ஸ்டப் ஆக்ஸில், வெர்ட்டிகல் லிங்க் என்ற செங்குத்தான எஃகுத் துண்டில் பொருந்தியிருக்கும். அந்தத் துண்டின் கீழ்முனையில் மரை. அந்த மரை, ட்ரன்னியன் என்ற பித்தளைக் கட்டிக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் எஃகு மரை பித்தளை மரைக்குள் கொஞ்சம் திருகி, கொஞ்சம் அவிழும். பித்தளைக் கட்டியைக் கீழ்க் கையோடு இணைப்பது ஒரு நீண்ட போல்ட். அந்த போல்ட் ஓர் எஃகுக் குழாய்க்குள் செல்கிறது. இருபது வருஷம் மழைக்காலம் பார்த்தால் போல்ட்டும் குழாயும் துருவால் ஒன்றாகிவிடும். அதுதான் "வராத" போல்ட்.

பட்டறைப் பையன் அந்த போல்ட்டை அடிப்பதாக நினைத்துப் பித்தளையை அடித்துவிட்டான். பித்தளைக்குச் சம்மட்டி தாங்குமா? காது பிளந்துவிட்டது. அதற்கு முன்பே மற்றொரு பையன் போல்ட் தலையை உருட்டியிருந்தான். இந்த வண்டியில் உள்ளவை அங்குல அளவு. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். அதில் 13-ம் நம்பர் ஸ்பேனரைப் போட்டால் போவதுபோல் போகும், அழுத்தினால் வழுக்கும், இரண்டு தடவை வழுக்கினால் ஆறு முனையும் வட்டமாகிவிடும். 0.3 மில்லிமீட்டர்தானே என்று நினைத்தது தப்பு. பத்தாம் வகுப்பில் வெர்னியர் காலிப்பரை உங்கள் கையில் கொடுத்து இதற்காகத்தான் அளக்கச் சொன்னேன்.

"பழசு சார், அதான் ஒடஞ்சிருச்சு" என்றார் பட்டறைக்காரர். உடைந்தது பழசானதால் அல்ல, அடித்ததால். பழசின் தலையில் பழியைப் போடுவது சுலபம், அது வாயைத் திறக்காது.

அன்று இன்னொன்றும் நடந்தது. பையன் பிரேக் டிரம்மைக் கழற்றினான், கம்ப்ரஸர் குழாயை எடுத்து உள்ளே காற்றடித்தான். கொட்டகை முழுக்கச் சாம்பல் நிறத் தூசி. முகத்தில் துணிகூட இல்லை. நான் கத்தினேன். "தூசிதான சார்" என்று சிரித்தான்.

தூசிதானே! விருத்தாசலத்தில் நின்றுகொண்டு ஒருவன் இப்படிச் சொல்கிறான். செராமிக் தொழிற்பேட்டையை நம்பி வாழ்ந்த ஊர் இது. ஊறுகாய் ஜாடியும், ஃபியூஸ் கட்டையும், பொம்மையும், அகல்விளக்கும் செய்து அனுப்பிய ஊர். களிமண்ணும் குவார்ட்ஸும் அரைத்த இடத்தில் நின்றவர்களின் நெஞ்சுக்குள் போன சிலிக்கா திரும்பி வெளியே வராது. சிலிகோசிஸ் என்று அதற்குப் பெயர். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே அறிவிக்கவேண்டிய நோய்களின் பட்டியலில் அது இருந்தது. என் பெரியப்பா மகன் ஒரு யூனிட்டில் அரைவை வேலை பார்த்தார். கடைசி மூன்று வருஷம் திண்ணையிலிருந்து தெருக்குழாய் வரை நடக்க இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். "ஆஸ்துமா" என்றே சொல்லிக்கொண்டிருந்தோம். தூசிதானே என்று அவரும் சொன்னவர்தான்.

பழைய பிரேக் லைனிங்கில் இருப்பது பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ். அதன் எல்லா வகையும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பு தெளிவாகச் சொல்கிறது. நோய் காட்டிக்கொள்ள இருபது, முப்பது வருஷம்கூட ஆகும். அதனால்தான் காற்றடிக்கும் பையனுக்குப் பயமில்லை, அவனுக்கு இன்று தும்மல் மட்டும்தான். பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்கள் ஏழெட்டுப் பேர் இதைப் படிப்பீர்கள். உங்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: டிரம்முக்குள் காற்றடிக்காதீர்கள், பிரஷ்ஷால் உலரத் தட்டாதீர்கள். சோப்புத் தண்ணீர் தெளித்து நன்றாக நனையுங்கள், ஈரத்துணியால் துடையுங்கள், துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். நல்ல முகக்கவசம் போடுங்கள். வேலைக்கு வைத்திருக்கும் பையன் யாரோ ஒருத்தியின் பிள்ளை.

சரி, "அப்படியென்றால் எப்படித்தான் கழற்றுவது" என்று கேட்பீர்கள். வலது பக்கத்தை நானே கழற்றினேன். பதினொரு நாள் ஆனது. பதினொரு நாளா என்று சிரிப்பவர்கள், இடது பக்கம் பத்து நிமிஷத்தில் முடிந்ததையும் அதற்குப் பதில் பாகம் இங்கிலாந்திலிருந்து வந்து சேர ஆன நான்கு மாதத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். எது வேகம் என்று கணக்குப் போட உங்களுக்குச் சொல்லித்தந்திருக்கிறேன்.

வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்று. ஜாக்கியை நம்பி அடியில் போகாதே. சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வைத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். செங்கல் அடுக்குவது ஸ்டாண்டு ஆகாது. செங்கல் சொல்லாமல் நொறுங்கும்.

இரண்டு. டிரம் வராவிட்டால் அடிக்கும் முன் பிரேக் அட்ஜஸ்டரைத் தளர்த்து. ஷூ உள்ளே விரிந்து பிடித்துக்கொண்டிருக்கும்போது வெளியே அடித்து என்ன பயன்? இந்த டிரம்மைப் பிடித்திருப்பவை இரண்டு திருகாணிகள். அவற்றின் காடியில் இருக்கும் துருவைச் சுரண்டி, சரியான அகலமுள்ள இம்பேக்ட் திருப்புளியை வைத்து, அதன் தலையில் ஒரு தட்டு. ஆம், சுத்தியலால்தான். நான் சுத்தியலுக்கு எதிரி அல்ல. சுத்தியல் எங்கே, எவ்வளவு என்று தெரியாமல் எடுப்பவனுக்குத்தான் எதிரி.

மூன்று. வீல் சிலிண்டரின் பிஸ்டன் இறுகியிருந்தால் உளியால் நெம்பாதே. பிரேக் குழாயைப் பிரிக்கும் முன், லைனில் ஆயில் இருக்கும்போதே, பெடலை மெதுவாக மிதி. எந்த அழுத்தத்தில் வேலை செய்யப் பிறந்ததோ அதே அழுத்தம் அதை வெளியே தள்ளும். பாஸ்கல் விதியைத் தேர்வுக்கு மட்டும்தான் படித்தீர்களா? கழற்றியதைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ கழுவாதே, ரப்பர் ஊதிப்போகும். பிரேக் ஆயிலாலேயே கழுவு.

நான்கு. டை ராட் எண்டு கூம்பு வடிவில் இறுகி நிற்பது. போல்ட் முனையில் அடித்தால் மரைதான் நசுங்கும். புல்லர் போட்டு இழு. புல்லர் இல்லையென்றால், அதைப் பிடித்திருக்கும் காதின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்து வைத்து, மறுபக்கம் இன்னொன்றால் சுருக்கென்று தட்டு. வட்டம் ஒரு கணம் நெளியும், கூம்பு நழுவி விழும்.

ஐந்து. துருவேறிய நீண்ட போல்ட். இரும்பு துருவானால் இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும், அதனால்தான் பிடிக்கிறது. கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, காலையும் மாலையும் பூஜைக்கு மணியடிப்பதுபோல் லேசாகத் தட்டி, காத்திரு. அவிழ்க்கும் முன் இம்மியளவு இறுக்கிப் பார். துருவின் பிடி முதலில் முறிய வேண்டும், எந்தப் பக்கம் என்பது அதற்கு முக்கியமில்லை. நான்கு நாள் இப்படிச் செய்தேன். வரவில்லை. ஐந்தாம் நாள் ஆக்ஸா பிளேடால் பித்தளைக்கு இரு பக்கமும் போல்ட்டை அறுத்தேன். மலிவான போல்ட்டை இழந்து, விலையுயர்ந்த பித்தளையைக் காப்பாற்றினேன். எதை இழக்கலாம், எதை இழக்கக் கூடாது என்று முதலிலேயே முடிவு செய்துகொள்வதுதான் இந்த வேலையின் பாதி.

ஆறு. கேஸ் வெல்டிங் யோசனை சொன்ன மாப்பிள்ளைக்கு: அந்த இடத்தில் நைலான் புஷ் இருக்கிறது, பக்கத்தில் ரப்பர், பிரேக் ஆயில், பழைய கிரீஸ். எதில் நெருப்பு பற்றும் என்று நீங்களே சொல்லுங்கள். ஆனால் சூடு தேவைதான். நான் புஷ்ஷைக் கழற்றிவிட்டுப் பித்தளையைக் கொதிநீரில் போட்டேன். பித்தளை எஃகைவிட ஒன்றரை மடங்கு விரியும். சுமார் 20 மில்லிமீட்டர் விட்டத்துக்கு 70 டிகிரி ஏற்றினால் இடைவெளி கிட்டத்தட்ட 0.01 மில்லிமீட்டர் கூடும். கண்ணுக்குத் தெரியாது, எண்ணெய்க்குத் தெரியும். ஆறவிடு, எண்ணெய் விடு, மறுபடி வெந்நீர். நம் ஊர்ச் சூளைக்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவசரப்பட்டுச் சூளையைத் திறந்தவன் கையில் சரக்கு மிஞ்சாது, ஓடுதான் மிஞ்சும்.

ஏழு. இந்த மரை இரண்டு பக்கமும் ஒரே திசையில் இருக்காது. ஒரு பக்கம் வலமரை, மறுபக்கம் இடமரை. தெரியாமல் பலம் காட்டினால் அவிழ்ப்பதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருப்பாய். வாழ்க்கையிலும் பலர் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம், அதை விடுங்கள்.

பதினோராம் நாள் மாலை. பித்தளைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த முறிந்த துண்டின் இரு பக்கமும் அரம் போட்டுத் தட்டையாக்கி, ஸ்பேனரைப் பொருத்தித் திருப்பினேன். கிறீச் என்று ஒரு சத்தம். கால் சுற்று. பிறகு அரைச் சுற்று. வந்துவிட்டது.

அந்தத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மரையின் அடிப்பகுதி முழுக்கச் செந்துரு. மேலே, மெழுகுபோல் கெட்டிப்பட்ட பழைய கிரீஸ். இந்த ட்ரன்னியனுக்குக் கிரீஸ் போடக் கூடாது. கியர்பாக்ஸுக்கு ஊற்றும் 90-ம் நம்பர் ஆயிலைத்தான் பம்பு செய்ய வேண்டும் என்பது தயாரித்தவர்கள் விதி. கிரீஸ் அந்த நீண்ட மரையில் கீழ்வரை பரவாது, கெட்டிப்பட்டு வழியையும் அடைத்துவிடும். ஆனால் சர்வீஸுக்கு விட்ட இடத்திலெல்லாம், எல்லாக் காருக்கும் அடிப்பதுபோல் இதற்கும் கிரீஸ் கன்னால் அடித்தார்கள். வருஷக்கணக்காக. உள்ளே மரை உலர்ந்து, துருப்பிடித்து, விரிசல் விட்டது.

முறிந்த முகத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். விளிம்பிலிருந்து உள்ளே வெகுதூரம் வழவழப்பாக, கருத்து இருந்தது. மிச்சம் இருந்த சிறு பகுதி மட்டும் சர்க்கரைக்கட்டியை உடைத்ததுபோல் சொரசொரப்பு. பொருள் இதுதான்: விரிசல் ஒரே நாளில் வந்ததல்ல, பல மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது. அன்றைக்கு அந்தத் திருப்பத்தில் முறிய வேண்டியது கொஞ்சம்தான் மிச்சம். இந்த வகைக் காரில் இது பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் முறியும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது. வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் மைத்துனர் சொன்னது உண்மை. அவர் மெதுவாகத்தான் திருப்பினார். அன்று மாமனாரே ஓட்டியிருந்தாலும் அது முறிந்திருக்கும்.

மாமனார் இன்று இல்லை. அவரிடம் இந்தத் துண்டைக் காட்ட முடியாது. மைத்துனரிடம் காட்டினேன். வாங்கிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை, பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதுவரை திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். வலது பக்கத்தையும் சம்மட்டிக்காரனிடம் விட்டிருந்தால்? கேஸ் நெருப்பில் வாட்டியிருந்தால்? எடைக்குப் போட்டிருந்தால்? உண்மை கிலோ கணக்கில் உருகிப் போயிருக்கும். ஒரு மனிதர் தன் பிழையில்லாத பிழையோடு கடைசிவரை இருந்திருப்பார். நாமும் அவரைக் கிண்டல் செய்துகொண்டே இருந்திருப்போம். அந்தக் கிண்டலில் நானும் இருந்தேன். இந்தப் பதிவு அதற்கான மன்னிப்பும்தான்.

எடைக்குப் போடச் சொன்ன துபாய்த் தம்பிக்குக் கடைசியாக ஒரு விஷயம். ஐம்பது வயது தாண்டி, அசல் வடிவில் பராமரிக்கப்படும் வண்டியை "விண்டேஜ்" என்று தனியாகப் பதிவு செய்ய 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்திருக்கிறது. ஏற்கெனவே பதிவான வண்டியைப் புதுப்பிக்க 5,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். அன்றாடம் கடைக்குப் போக ஓட்ட முடியாது, கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் அது சம்பந்தமான ஓட்டத்துக்கும்தான். "மாருதி முன்பகுதியை வெட்டி ஒட்டிரலாம் சார்" என்று யோசனை சொன்னவருக்கும் இதுதான் பதில்: சேஸிஸை வெட்டினால் அந்தத் தகுதி போய்விடும். அரசாங்கமே பழசுக்கு ஒரு மரியாதை வைத்திருக்கிறது, நீ ஏன்டா தம்பி அவசரப்படுகிறாய்?

வராத பொருளும் வாய் திறக்காத மனிதரும் பிடிவாதத்தால் அப்படி இருப்பதில்லை. எங்கோ எண்ணெய் போய்ச் சேரவில்லை. முதலில் அதைப் பாருங்கள்.

இடது பக்கத்துப் புதுப் பித்தளை வந்துவிட்டது. அடுத்த ஞாயிறு பொருத்துகிறேன். ஊரில் இருப்பவர்கள் வரலாம், காபி உண்டு. சுத்தியல் கொண்டுவராதீர்கள், என்னிடம் இருக்கிறது. 90-ம் நம்பர் ஆயில் ஒரு லிட்டர் வாங்கி வந்தால் போதும். வண்டி ரெடியானதும் முதல் ரவுண்டு பாலக்கரை வழியாகத்தான். ஓட்டப்போவது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. நீங்கள் எல்லோரும் அவருக்குப் போன் செய்து சொல்லுங்கள், இந்த முறை கிண்டல் இல்லாமல்.

மாற்றுக் கருத்து இருப்பவர்கள் கீழே எழுதலாம். எழுத்துப்பிழைக்கு மட்டும் வழக்கம்போல மார்க் குறைப்பேன்.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்
விருத்தாசலம்